நாகஜோதி கடையில் திரும்பி வந்த நேரம்

நெடுங்குளத்தில் உலகம் முதன்முதலாக நின்றது ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு. அப்போது டீக்கடை ராவுத்தரின் உயர்த்திய கையிலிருந்து தாழ்த்திய கைக்கு இறங்கிக்கொண்டிருந்த டீ பாதி வழியில் பழுப்புக் கயிறாக நின்றது, பரமக்குடி பஸ்ஸிலிருந்து ஒரு காலை எடுத்துக் கீழே வைக்கப்போன கண்டக்டர் அந்தக் காலை வைக்காமலே நின்றார், தாலுகா ஆபீஸ் வேப்பமரத்திலிருந்து உதிர்ந்த இலை விழாமல் நின்றது. இதையெல்லாம், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தரும் நாகஜோதியின் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த கருவாட்டுக்காரி சேதுராக்கு, "நல்லதாப் போச்சு, இந்தப் புளியைக் கொட்டையெடுத்து முடிச்சிருவேன்" என்று சொல்லி மடியிலிருந்த பையை அவிழ்த்தாள்.

முந்தின நாள் வரை அந்தக் கடையில் நிற்காமல் ஓடியது கடிகாரம் ஒன்றுதான். நாகஜோதி ப்ளஸ் டூ படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பை வைத்துத்தான் ஏழு வருசமாகக் கடை நடந்தது. இரண்டு ஜிபி நினைவகம், உயிர்விட்ட பேட்டரி, பாதி எழுத்து தேய்ந்துபோன கீபோர்டு. காலையில் வந்ததும் பட்டனை அழுத்திவிட்டு, கடையைக் கூட்டி, வாசல் தெளித்து, கோலம் போட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி, ராவுத்தர் கடையில் டீ வாங்கிக் குடித்து, கிளாஸைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் திறப்பதற்குள் பெஞ்சில் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்கள், முதியோர் உதவித்தொகைக்கு வந்தவர்கள், ஆதாரில் பெயரைத் திருத்த வந்தவர்கள் எல்லாரும் கையில் காகிதத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, வருசக்கணக்கில் அந்தப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் அது இன்னும் மோசம். அணைக்கப் போனால், அப்டேட் நடக்கிறது அணைக்காதீர்கள் என்று சொல்லி நூற்றுக்கு இருபத்தேழில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் புருசன் வழிவிட்டான் கரிமூட்டத்தில் வேலை பார்ப்பவன், கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரியாக்கி மூட்டை பிடித்துவிட்டு, தலைமுதல் கால்வரை கறுப்பாக, அவளைக் கூட்டிப்போக சைக்கிளில் வருவான். கல்யாணமான முதல் மாதம் உள்ளே வந்தவனை, "ஏங்க, கரித்தூசி மிஷினுக்கு ஆகாதுங்க" என்று சொல்லி வாசலோடு நிறுத்தினாள். அதோடு சரி, ஆறு வருசமாக அவன் உள்ளே வந்ததில்லை. வாசலுக்கு எதிரே இருக்கும் மின்கம்பத்தில் சைக்கிளைச் சாய்த்து, கம்பத்தில் தன்னையும் சாய்த்து நிற்பான். அவள் வெளியே வந்து, "வந்து ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்பாள். "இப்பத்தான் வந்தேன்" என்பான். வேறு பேச்சுப் பேசத் தெரியாத மனுசன் என்று அவள் மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

பஜாரில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் தம்பி, "இதப் பழைய இரும்புக்குப் போடுக்கா, ரெண்டு ஜிபில இனி எதுவும் ஓடாது" என்றான். நாகஜோதிக்கு ஒரு பொருளைத் தூக்கிப் போடச் சொன்னால் கோபம் வரும். "மிஷினு நல்லாத்தான் இருக்கு, அதுமேல ஏறி உக்காந்திருக்கதுதான் கனம்" என்று சொல்லிவிட்டு, அவனிடமே ஒரு பென்டிரைவ் வாங்கிக்கொண்டு வந்து, நாலு ஞாயிற்றுக்கிழமை போனில் வீடியோ பார்த்தாள். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்கிற லினக்ஸில் ஆகச் சின்னது எது என்று தேடிப் பிடித்தாள். வீடியோவில் பேசியவர் பேசியது இந்தி; அவளுக்கு இந்தி தெரியாது; அவர் விரல் போன இடத்துக்கெல்லாம் இவள் விரலும் போனது. ஐந்தாவது ஞாயிறு, இதில் இருப்பதை எல்லாம் அழித்துவிடவா என்று லேப்டாப் கேட்டபோது, அழி என்று ஒரே அழுத்தாக அழுத்தினாள். உட்கார்ந்து தின்ற சொந்தக்காரர்கள் மொத்தமாக ஊருக்குக் கிளம்பிப் போன வீடு மாதிரி ஆகிவிட்டது லேப்டாப். முந்நூறு எம்பியில் எழுந்து நின்றது, மிச்சமெல்லாம் காலி இடம். பட்டனை அழுத்திவிட்டு விளக்குமாற்றை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் தயாராக இருந்தது. அணைத்தால் ஐந்து எண்ணுவதற்குள் அணைந்தது.

மறுநாள் திங்கட்கிழமைதான் சேதுராக்கு வந்து, பழக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, வேலை அதற்குள் முடிந்துவிட்டது என்று நாகஜோதி சொன்னதும் ஏமாந்துபோய், "என்னத்தா இது, கொஞ்ச நேரம் உக்காரலாம்னு பாத்தேன்" என்றாள். சொன்ன உடனே உலகம் நின்றது. புளியைக் கொட்டையெடுத்து, பையைக் கட்டி, முந்தானையை உதறி, "சரி வாரேன்" என்று அவள் எழுந்த பிறகுதான் டீ கிளாஸில் விழுந்தது, கண்டக்டர் காலை வைத்தார்.

இது ஏன் நடந்தது என்று நெடுங்குளத்தில் யாரும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தைத் தேடுகிற ஊர் அது. எப்படி நடக்கிறது என்பதை மட்டும் இரண்டு நாளில் கண்டுபிடித்துக்கொண்டார்கள்: அந்தப் பழைய லேப்டாப்புக்காக ஒருவர் எங்கே காத்திருந்தாரோ அங்கே வந்து, கொஞ்சம் நேரம் கிடைத்தால் தேவலை என்று நினைத்தால் போதும், காத்திருந்த நேரம் அவருக்குத் திரும்பி வரும், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அது பொது, தாண்டி இருக்கிற உலகம் அதுவரை அப்படியே நிற்கும். தீர்ந்தால் தீர்ந்ததுதான். உலகமே நிற்கும்போது இணையம் மட்டும் எப்படி ஓடியது என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார். விண்ணப்பம் போடுகிற சர்வர் என்றைக்குமே தனக்கென்று ஒரு நேரத்தில் ஓடுவதால் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை என்று நாகஜோதி பதில் சொன்னாள்.

பிறகு கடை கடையாக இல்லை. பெஞ்சில் இடம் பிடித்துத் தூங்கியவர்கள் தூங்கினார்கள், மகளுக்குப் பேன் பார்த்தவர்கள் பேன் பார்த்தார்கள், சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தியிருந்த பழைய சண்டையை ஒரு மாமியாரும் மருமகளும் வந்து உட்கார்ந்து ஆற அமரப் போட்டு முடித்து, வெற்றிலை மாற்றிக்கொண்டு போனார்கள். மரக்கடை முதலாளி காரில் வந்து பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு மணி நேரம்தான் போனது. தன் காகிதத்துக்கெல்லாம் அவர் ஆளை அனுப்பியிருந்தார், காத்திருந்தது அந்த ஆள், நேரமும் அந்த ஆளுக்கே வந்தது. ஊரில் யார் யாரை எவ்வளவு உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளிச்சமானது. எல்லாரையும்விட நேரம் அதிகம் வைத்திருந்தவர்கள் கண்மாய்க்கரைக் குடிசைக்காரர்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் நாலு தரம் அலைந்தவர்கள் அவர்கள்தானே.

ஒரு புதன்கிழமை சேதுராக்கு புளி இல்லாமல் வந்தாள். மூன்று வருசத்துக்கு முன்னால் மகனுடைய இறப்புச் சான்றிதழுக்காக ஒரு பகல் முழுக்க அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அழ விட்டுப்போயிற்று. அந்தப் பகல் இப்போது வந்தது. நாகஜோதி கடைக்கதவைப் பாதி சாத்தினாள், உலகம் வெளியே நின்றது, கிழவி ஒரு பகல் முழுக்க அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு, "இப்பத்தான் நெஞ்சு எறங்குச்சு" என்று சொல்லிப் போனாள்.

நாகஜோதிக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒருநாள் மதியம் அவளும் ஆசையாகப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள், பஸ் பாட்டுக்கு ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யோசித்தபோது காரணம் பிடிபட்டது. வட்டம் சுற்றிய நேரமெல்லாம் அவள் கூட்டினாள், தெளித்தாள், மனு எழுதினாள், வந்தவர்களை வைதாள். காத்திருக்கச் சும்மா இருக்க வேண்டும், அவள் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. அவளுக்கு அதில் வருத்தம் இருந்தது, ஆனாலும் பெருமை அதைவிடக் கூடுதலாக இருந்தது. சாயங்காலம் ஐந்து எண்ணி லேப்டாப்பை அணைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே நடந்து வீட்டுக்குப் போனாள். "இனிமே நீங்க வரவேணாங்க, மிஷினு டக்குனு அணைஞ்சிருது" என்று புருசனிடம் சொன்னாள். அவன், "சரி" என்றான். சொல்லிவிட்டுச் சைக்கிளை வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது வாரம் அறிவிப்பு வந்தது. கண்மாய்க்கரையில் குடியிருக்கும் நாற்பத்து மூன்று குடும்பமும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் விண்ணப்பித்தால் மேட்டுப்பக்கம் ஆளுக்கு இரண்டு சென்ட் மாற்று மனை. விண்ணப்பிக்காத வீட்டை இடிப்பார்கள், மனையும் கிடையாது. நாற்பத்து மூன்றில் ஒன்று நாகஜோதியின் வீடு. விண்ணப்பத்தோடு சேர்க்க ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி வெள்ளிக்கிழமை மூன்றரைக்குத்தான் வந்து சேர்ந்தார். மணி நாலுக்கு நாற்பத்து மூன்று காகிதமும் நாகஜோதியின் மேசைக்கு வந்தன. ஒரு விண்ணப்பத்துக்கு இருபது நிமிடம் பிடிக்கும். பஜாரில் புது கம்ப்யூட்டர் வைத்திருந்த இன்னொரு சென்டர்காரர் கையெடுத்துக் கும்பிட்டு ஷட்டரை இறக்கிவிட்டார்.

கண்மாய்க்கரையே கடைக்கு வந்துவிட்டது. அவர்களுக்குத் தலைவர் மாதிரி முன்னால் நின்று பேசுகிறவர் நல்லமணி. "பதறாதீகப்பா. நமக்குத்தான் நேரம் கெடக்குல்ல? ஆளாளுக்கு உள்ளத எடுங்க" என்றார். எடுக்கப் போனபோதுதான் இருப்பு தெரிந்தது. தூங்கியும் பேன் பார்த்தும் சண்டை போட்டும் மூன்று வாரத்தில் முக்கால்வாசியைக் கரைத்திருந்தார்கள். ஒருவருக்குக் கால் மணி மிச்சம், ஒருவருக்கு ஒன்றுமில்லை. இருந்தவர்கள் இல்லாதவர்களுக்காக உட்கார்ந்தார்கள். மாமியாரும் மருமகளும் நல்லவேளையாகச் சமாதானத்துக்கு என்று கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார்கள், அதையும் கொடுத்தார்கள். சேதுராக்கிடம் ரேஷன் கார்டு திருத்தக் காத்திருந்த இரண்டு மணி நேரம் இருந்தது. "எனக்கென்ன வேலை, எடுத்துக்க" என்று காலை நீட்டி உட்கார்ந்தாள்.

நாகஜோதியின் கை தடுமாறவே இல்லை. அந்தச் சின்ன நினைவகத்தோடு வேலை செய்வதற்கு அவளுக்கு ஒரு முறை உண்டு: ஒன்றைத் திறந்தால் அதை முடித்து மூடிய பிறகே அடுத்தது. படத்தைச் சுருக்க வேண்டுமா, பிரவுசரை மூடு; சான்றிதழை ஸ்கேன் செய்ய வேண்டுமா, படத்தை மூடு. நல்லமணிக்கு அது பொறுக்கவில்லை.

"ரெண்டு ரெண்டாத் தெறத்தா, வெரசா முடியும்."

"ரெண்டு தெறந்தா ரெண்டும் படுத்துக்கும் மாமா. மிஷினைப் பத்தி எனக்குத் தெரியும், நீங்க ஆதார் கார்டை மட்டும் வரிசையா எடுத்துக் குடுங்க."

உலகம் நின்றது, ஓடியது, மறுபடி நின்றது. ராவுத்தர் ஒரே டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பத்து போனது, இருபது போனது, முப்பத்தெட்டு போனது, லேப்டாப்பின் அடிப்பக்கம் தோசைக்கல்லாகச் சுட்டது, அவள் ஈரத்துணியை மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே தட்டினாள். தன் காகிதத்தை அவள் அடியிலேயே வைத்திருந்தாள், பந்தியில் பரிமாறுகிறவள் கடைசியில்தானே உட்கார முடியும். நாற்பத்திரண்டாவது விண்ணப்பத்துக்கு ஒப்புகை எண் வந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரிடமும் ஒரு நிமிடம் மிச்சமில்லை. கடிகாரத்தில் நாலு ஐம்பத்தேழு.

"அதுக்கென்ன, நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் நல்லமணி. அவருடைய நேரத்தைக் கடைசிக்கென்றே எடுத்து வைத்திருந்தார்கள். "ஏழு வருசமா இந்தப் பெஞ்சுல எனக்கு எடம் உண்டுத்தா. எம்புட்டு வேணுமோ எடுத்துக்க." துண்டை உதறிப் போட்டு, பெஞ்சில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடினார்.

வெளியே பஸ் கிளம்பிப் போனது. மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. நல்லமணி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார். கீழே குனிந்து பார்த்த சேதுராக்குதான் முதலில் கண்டுபிடித்தாள். அவர் கழற்றிப் போட்ட பழைய ரப்பர் செருப்பு, வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்த செருப்பு, அட்டைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி பளபளவென்று கிடந்தது. அவர் ஏழு வருசமும் பெஞ்சில் செருப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டு டீக்கடையில் அரட்டைக்குப் போனவர், காத்திருந்தது செருப்பு, நேரமும் செருப்புக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நேரத்திலும் கடை கொல்லென்று சிரித்தது. நல்லமணி சிரிக்கவில்லை. "ஏத்தா, ஒன் வீட்டைக் கெடுத்துட்டனே" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

நாலு ஐம்பத்தெட்டு. அவள் தன் காகிதத்தை எடுத்தாள். பெயரைத் தட்டினாள், தகப்பன் பெயரைத் தட்டினாள். இன்னும் மூன்று பக்கம் இருந்தது, படம் இருந்தது, சான்றிதழ் இருந்தது. இடிபடப் போகிற வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது, பானை எங்கே இருக்கிறது, சைக்கிள் நிற்கிற மூலை எது என்று தேவையில்லாமல் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தது. நாற்பத்திரண்டு வீட்டைக் காப்பாற்றியாயிற்று, நம்முடையதுதான் போகிறது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அது அவள் நினைத்த அளவுக்கு ஆறுதலாக இல்லை.

அந்தச் சமயத்தில்தான், கரிமூட்டத்தில் யாரோ சொல்லக் கேட்டு, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வழிவிட்டான் வந்து சேர்ந்தான். வரவேணாம் என்று அவள் சொன்னதிலிருந்து அவன் அந்தப் பக்கம் வரவில்லை. சைக்கிளை மின்கம்பத்தில் சாய்த்தான். கதவு வழியாக அவள் முகத்தைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், பழக்கத்தில் கம்பத்தில் சாய்ந்தான். இவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கக் கூடாதா என்று நினைத்தான்.

நின்றது. இதுவரை நின்றதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிற மாதிரி நின்றது. ராவுத்தரின் டீ நின்றது, பஜார் நின்றது, தாலுகா ஆபீஸ் கொடி மடங்கிய மடிப்போடு நின்றது, கண்மாய்ப் பக்கமிருந்து வந்த காற்று நின்றது, கொக்கு ஒன்று கடைக்கு மேலே சிறகை விரித்தபடி நின்றது. தெருமுனை வரைக்கும் மழைக்கு முந்தின அமைதி. பெஞ்சில் இருந்தவர்கள் யாருடைய நேரம் இது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகஜோதி பார்க்கவில்லை. கிடைத்த நேரத்தை வீணாக்கி அவளுக்குப் பழக்கமில்லை. ஒன்றைத் திறந்து, முடித்து, மூடி, அடுத்ததைத் திறந்து, படத்தைச் சுருக்கி, சான்றிதழை ஏற்றி, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து, அனுப்பு என்று அழுத்தினாள். நாற்பத்து மூன்றாவது ஒப்புகை எண் வந்தது.

கடிகாரத்தில் நாலு ஐம்பத்தெட்டுதான். நேரம் இன்னும் தீரவில்லை. அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள், அசையாத தெருவில் அசைகிற ஒரே ஆளாக அவன் கம்பத்தில் சாய்ந்து நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வந்து ரொம்ப நேரமாச்சா?" என்றாள்.

"இப்பத்தான் வந்தேன்" என்றான்.

ஆறு வருசம் ஒவ்வொரு நாளும் கேட்ட பதில். தலைக்கு மேலே கொக்கு அப்படியே நின்றது, தெருமுனை வரை நேரம் பரந்து கிடந்தது, வாரக்கணக்கில் செலவழித்தாலும் தீராது போலக் கிடந்தது. அத்தனையும் அவன் இந்தக் கம்பத்தடியில், கரியும் பசியுமாக, அவளுக்காகச் சும்மா நின்ற நேரம்.

"பொய்யி" என்றாள். "ஆறு வருசமா ஒரே பொய்யி."

அவள் போய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள், கறுத்த கை, அவள் கையும் கறுத்தது. வாசல்படியில் அவன் நின்றுவிட்டான்.

"கரித்தூசி. மிஷினுக்கு ஆகாது."

"மிஷினு தாங்கும். உள்ள வாங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் தாமாகவே எழுந்தார்கள். "வாங்க, வாங்க, வெளிய போயி நிப்பம், நேரந்தான் நெறையக் கெடக்கே" என்று சேதுராக்கு எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போய், வாசலுக்கு முதுகைக் காட்டித் தெருவில் நிறுத்தினாள். நல்லமணி புதுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கடைசியாகப் போனார். நாகஜோதி லேப்டாப்பை அணைத்தாள். ஐந்து எண்ணுவதற்குள் அணைந்தது. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வேலையும் இல்லாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று தெருவில் முதுகைக் காட்டி நின்றவர்களுக்கும் தெரியாது. ராவுத்தரின் டீ கடைசியில் கிளாஸில் விழுந்து, மணி நாலு ஐம்பத்தொன்பது ஆனபோது, அந்தப் பெஞ்சில் இரண்டு பேர் அகலத்துக்குக் கரி ஒட்டியிருந்தது. நாகஜோதி கடையைத் தினமும் கூட்டுகிறாள், தெளிக்கிறாள், அதை மட்டும் இன்றுவரை துடைக்கவில்லை.